‘பாத்து வரக்கூடாதா?’: மதுரைத் தெருவில் தடுக்கி விழுபவர் ஏன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை?

மதுரையில் காலை ஓட்டம் போகிறவர்கள் விடிந்த பிறகு கிளம்புவதில்லை. விடிவதற்குள் முடித்துவிடத்தான் பார்க்கிறார்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஏழு மணிக்கே முதுகு சுட ஆரம்பித்துவிடும். அதனால் நாலரை, ஐந்து மணிக்கே ரேஸ் கோர்ஸ் பக்கம், கே.கே.நகரில், வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி, வைகைக் கரைச் சாலையில் என்று ஷூ சத்தம் கேட்கத் தொடங்குகிறது. மார்கழி, தையில் வெயில் பிரச்சினை இல்லை. ஆனால் அப்போது இங்கே சூரியன் எழுவதே ஆறரை மணி வாக்கில்தான். வேலைக்குப் போகிறவர் அதுவரை காத்திருக்க முடியாது. ஆக, வருஷத்தில் பாதிக்கு மேல் மதுரைக்காரர் ஓடுவது இருட்டில்.

இருட்டில் ஓடுகிறவர் ஒருநாள் விழுவார். தூக்கிவிட ஆள் வருவார்கள், அதில் இந்த ஊர் குறை வைக்காது. டீக்கடையிலிருந்து தண்ணீர் வரும், யாராவது ஆட்டோவை மறிப்பார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: “பாத்து வரக்கூடாதாண்ணே?”

அக்கறையில் கேட்பதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது: விழுந்தது விழுந்தவர் தப்பு. டீக்கடையில் வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் இதே தீர்ப்பு ஆஸ்பத்திரி ஏட்டில் வேறு பாஷையில் எழுதப்படுகிறது. போலீஸ் ஸ்டேஷனிலும் மாநகராட்சியிலும் எழுதப்படாமலே போகிறது. மதுரைத் தெருக்களில் தடுக்கி விழும் பிரச்சினை தீராமல் இருப்பதற்கு, குழிகளைவிட இந்தப் பழக்கம்தான் பெரிய காரணம்.

இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்

முதலில், “பாத்து” வந்தால் மட்டும் தப்பிக்க முடியுமா என்று பார்த்துவிடலாம்.

மனிதர் நடக்கும்போது முன்னே வீசும் காலின் நுனி தரையை ஒட்டியே போகிறது. அந்த வீச்சின் நடுவே கால்விரலுக்கும் தரைக்கும் இடையில் இருப்பது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். காலை அநாவசியமாகத் தூக்காமல் உடம்பு சக்தியை மிச்சம் பிடிக்கிறது. ஓடும்போது கால் இன்னும் உயரும் என்பது உண்மை. ஆனால் ஆறேழு கிலோமீட்டர் தாண்டி களைத்துப்போன கால் மறுபடியும் தரையைத் தேய்க்க ஆரம்பிக்கும். அப்போது பக்கத்துக் கல்லைவிட இரண்டு சென்டிமீட்டர் எழும்பி நிற்கும் ஒரு பேவர் பிளாக் போதும்.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தர விதிகள், நடைபாதையில் மட்ட வித்தியாசம் 6.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த விளிம்பைச் சரிவாகச் சீவச் சொல்கின்றன. 12.7 மில்லிமீட்டரைத் தாண்டினால் சாய்தளமே போட வேண்டும். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் தெருவில் இறங்கினால் வீட்டு வாசலையே தாண்ட முடியாது.

அடுத்தது வேகம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்பது சாதாரண ஓட்டம்தான். அதுவே விநாடிக்கு 2.8 மீட்டர் ஆகிறது. செல்போன் டார்ச்சின் வெளிச்சம் தரையைத் தெளிவாகக் காட்டுவது மூன்று மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், பள்ளத்தைப் பார்த்து, புரிந்து, காலை மாற்றி வைக்க ஓடுகிறவருக்குக் கிடைப்பது ஒரு விநாடி. நடப்பவரைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வருவதால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. நடப்பவருக்கு முட்டி சிராய்க்கும் அதே கல், ஓடுகிறவருக்கு மணிக்கட்டை உடைக்கும்.

ஓடுகிறவர் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. இரண்டு காதிலும் இயர்பட்ஸ், கண் வாட்ச்சில், ஷூ லேஸ் தரையில் என்று ஓடுகிறவர்கள் நிறைய. டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தகுதிச் சுற்றின் கடைசிச் சுற்றில், முன்னால் விழுந்த வீராங்கனை மேல் இடறி சிஃபான் ஹசனே விழுந்தார். எழுந்து ஓடி அந்தச் சுற்றை வென்றார் என்பது வேறு விஷயம். சமதளமான, பட்டப்பகல் வெளிச்சமுள்ள டிராக்கிலேயே இதுதான் கதி. கவனம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கவனம் என்பது எல்லைக்கு உட்பட்ட சரக்கு. தெரு முழுக்கப் பள்ளமாக இருந்தால் அது எவ்வளவு தூரம்தான் வரும்?

தோண்டியது யார்?

தெருவில் காலைத் தடுக்குகிற எதுவும் தானாக முளைத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உத்தரவு, ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு பில் உண்டு.

குழாய்ப் பள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும். ஊர் முழுக்க லோயர் கேம்ப்பிலிருந்து வரும் முல்லைப் பெரியாறு குடிநீருக்குப் பகிர்மானக் குழாய் வேண்டும். இரண்டும் தேவையான வேலைகள், தோண்டாமல் முடியாது. கோளாறு மூடும்போது வருகிறது. தோண்டிய மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கிய பிறகுதான் மேலே தார் போட வேண்டும். மொத்தமாகத் தள்ளி மேலே ஒரு பூச்சுப் பூசினால் முதல் ஐப்பசி மழையில் மண் அமுங்கும். தெருவின் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு நீளமான பள்ளம் விழும். பைக்கில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல். காலால் போகிறவருக்கு கணுக்கால் மடங்குவதற்கென்றே வெட்டி வைத்த அளவு.

அடுத்து பாதாளச் சாக்கடை மூடி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே புதுச் சாலை போட்டதில் மூடிகள் கிணறு மாதிரி உள்ளே போய்விட்டன. அவற்றை உயர்த்திக் கட்டிய இடங்களில் இப்போது மேடாகத் துருத்தி நிற்கின்றன. சாலையைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துப்பூர்வமாகவே அறிவுறுத்தினார். அதற்குப் பிறகு மெயின் ரோடுகளில் சுரண்டும் இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது. உள் தெருக்களில் அது அபூர்வம்.

நடைபாதை என்று நாம் சொல்வது பல இடங்களில் மழைநீர்க் கால்வாயின் மூடிதான். அந்த கான்கிரீட் பலகையைத் தூக்குவதற்காக இரும்புக் கம்பியில் ஒரு கொக்கி வைத்திருப்பார்கள். பலகையைப் பதித்த பிறகு அதை மடக்கவோ வெட்டவோ யாருக்கும் தோன்றுவதில்லை. ஷூ நுனி போய் மாட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான பொறி கிடையாது. இந்திய சாலைக் காங்கிரஸின் 2012-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கின்றன. 2016-லேயே ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்த ஊர் மதுரை. ஆனாலும் இங்கே ஓடுகிறவர்கள் நடைபாதையை விட்டுவிட்டுச் சாலை ஓரத்தில்தான் ஓடுகிறார்கள், பின்னால் வரும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இவை போக, இந்த ஊருக்கே உரிய ஒன்று உண்டு. திருவிழா, கட்சி மாநாடு, காதுகுத்து என்று எதுவானாலும் சாலை ஓரத்தில் கம்பு நட வேண்டும். பந்தல் பிரிந்த மறுநாள் கம்பு போய்விடும், குழி இருக்கும். கொடிக்கம்பத்தை எடுத்த இடத்தில் போல்ட்டும் இரும்புத் துண்டும் விரலளவு தலைநீட்டும். பொது இடங்களில் உள்ள கொடிக்கம்பங்களை அகற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எல்லோரும் கம்பத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அடிக்கட்டையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மலையில் விழுந்தால் வேறு கதை

யானைமலை அடிவாரம், கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்கோவில் பக்கம், கண்மாய்க் கரைகள் என்று இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஓடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அங்கேயும் விழலாம். பாறைச் சரிவில் மணல் படிந்திருந்தால் ஷூ வழுக்கும். புளியமர வேர் இருக்கும். சீமைக்கருவேல முள் ஷூ அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் காடு; கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்து, பாதம் முழுசாக உள்ளே போகும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, கைப்பிடிச் சுவர் இல்லாமல் வயல் மட்டத்துக்கே இருக்கும் பாழுங்கிணறு. பழக்கமில்லாத காட்டில் இருட்டில் ஓடுவது வீரம் ஆகாது, கிறுக்குத்தனம்.

ஆனால் அங்கே “பாத்து வரக்கூடாதா?” என்ற கேள்வி நியாயமானது. மலை யாரிடமும் வரி வாங்கவில்லை, யாருக்கும் வாக்குறுதி கொடுக்கவில்லை. அங்கே போகிறவர் வெளிச்சம் வந்த பிறகு போக வேண்டும், இன்னொருவரைக் கூட்டிப் போக வேண்டும், வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அது அவர் பொறுப்பு. கொடுமை என்னவென்றால், மலைப்பாதைக்குச் சொல்லும் அதே புத்திமதியைத்தான் பைபாஸ் ரோட்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சுளுக்கா, முறிவா?

விழுகிறவர் அனிச்சையாகக் கையை ஊன்றுவார். அதனால் முதல் அடி மணிக்கட்டுக்கு. ஆரம் எலும்பின் நுனி உடைந்து கை பின்பக்கமாக மடங்கும் முறிவை அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே விவரித்துவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 80 வருஷம் இருந்தது. இது பார்த்தாலே தெரியும். ஏமாற்றுவது இன்னொன்று. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் குழி விழும் இடத்தில், ஸ்காஃபாய்டு என்றொரு சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். “ஒண்ணுமில்ல, சதைப் பிசகுதான்” என்று விட்டுவிட்டால், ரத்த ஓட்டம் குறைவான அந்த எலும்பு ஒட்டாமலே போய், கைப்பிடி பலமே குறைந்துவிடும். அந்தக் குழியில் அமுக்கினால் வலி இருந்தால், கட்டுப் போட்டுவிட்டு பத்து, பதினான்கு நாளில் மறுபடியும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தட்டிக்கழிக்கக் கூடாது.

கணுக்கால் மடங்கினால், 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கிய எளிய விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. விழுந்த உடனேயும், ஆஸ்பத்திரியிலும் நாலு எட்டு எடுத்துவைக்க முடியவில்லை. அல்லது கணுக்கால் முட்டு எலும்பின் பின் விளிம்பிலோ நுனியிலோ அமுக்கினால் வலிக்கிறது. இப்படி இருந்தால் எக்ஸ்ரே கட்டாயம். நம் ஊர்ப் பழக்கம் வேறு: முதலில் எண்ணெய் போட்டு சுளுக்கு வழிப்பது. இரட்டைப் பிள்ளை பெற்றவர் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்ற நம்பிக்கை இன்னும் கிராமங்களில் உண்டு. சுளுக்காகவே இருந்தால் மிதித்தாலும் போகும், மிதிக்காவிட்டாலும் போகும். முறிவாக இருந்தால், மிதிப்பதால் விலகாத எலும்பும் விலகும். சிராய்ப்புக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும், தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசியும் போதும்.

ஏட்டில் ‘செல்ஃப் ஃபால்’

பெரியாஸ்பத்திரியோ தனியார் மருத்துவமனையோ, கீழே விழுந்து வருகிறவரின் குறிப்பில் நம் மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் சொல் ‘செல்ஃப் ஃபால்’. தானாக விழுந்தார். யாரும் அடிக்கவில்லை, வண்டி மோதவில்லை என்பதைச் சுருக்கிச் சொல்ல மருத்துவருக்கு அது வசதி. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் கொக்கி மாட்டி விழுந்தவரும், மயக்கம் வந்து விழுந்தவரும், குளியலறையில் வழுக்கியவரும் அந்த ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். எந்தத் தெரு, எந்தக் குழி என்பது பதிவாவதே இல்லை.

சாலை விபத்துக் கணக்கிலும் இவருக்கு இடமில்லை. ஏதாவது ஒரு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால்தான் அது சாலை விபத்து. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அதுவே அதிர்ச்சிதான். ஆனால் வண்டி ஏதும் தொடாமல், சாலையே தள்ளிவிட்டவர்கள் அந்த எண்ணில் கிடையாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணப் பட்டியலில் குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் விழுந்தவர்களுக்கு ஒரு தலைப்பு உண்டு. அதற்குள் வருவதற்கு அவர் இறந்திருக்க வேண்டும். உலக அளவில் தவறி விழுந்து சாகிறவர்கள் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மதுரைத் தெருவில் கை உடைந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல ஒரு அலுவலகமும் இல்லை. எண்ணாத ஒன்றுக்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க முடியாது.

“காலையில ஷூ மாட்டி ஓடுறவங்க எத்தனை பேரு? இதுக்கெல்லாம் ஒரு பிரச்சினையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிறவர் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதே நாலரை மணி இருட்டில் அதே தெருவில் நடப்பது யார்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூடையோடு போகிறவர், பெருக்குவதற்கு முதல் ஆளாக இறங்கும் தூய்மைப் பணியாளர், கோயிலுக்குப் போகும் எழுபது வயது அம்மா. இடுப்பெலும்பு முறிந்தால் அந்த அம்மா மறுபடி எழுந்து நடப்பது நிச்சயமில்லை. ஓடுகிறவர் கையில் வாட்ச் இருக்கிறது, பாதை பதிவாகிறது, போட்டோ எடுக்கிறார், நாலு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். அந்த வகையில் அவர் மற்றவர்களுக்கும் சேர்த்தே விழுகிறார்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை என்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். சக்கிமங்கலத்திலிருந்து வெறுங்காலோடு ஓட ஆரம்பித்து டோக்கியோ ஒலிம்பிக் வரை போன ரேவதி வீரமணியின் ஊர் இது. மக்களை நடக்கவும் ஓடவும் கூப்பிடுகிறவர்கள் அந்த எட்டு கிலோமீட்டருக்கு வெளியே இருக்கும் தரையையும் பார்க்க வேண்டாமா?

சட்டம் எந்தப் பக்கம்?

சட்டம் விழுந்தவர் பக்கம் மெல்ல நகர்கிறது. நடைபாதைக்கான உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே 14-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: சாலைக் குழியாலோ திறந்த பாதாளச் சாக்கடையாலோ இறந்தால் 6 லட்சம் ரூபாய், காயம்பட்டால் 50,000 முதல் 2.5 லட்சம் வரை இழப்பீடு. உள்ளாட்சி கொடுத்துவிட்டு, காரணமான ஒப்பந்தக்காரரிடமும் அதிகாரியிடமும் வசூலித்துக்கொள்ள வேண்டும். அது மகாராஷ்டிரத்துக்கான தீர்ப்பு. தமிழ்நாட்டில் அப்படியொரு விலைப்பட்டியல் இல்லை. 2023-ல் வந்த ‘நம்ம சாலை’ செயலி நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளுக்கானது. மாநகராட்சித் தெருவுக்கு மாநகராட்சியிடம்தான் போக வேண்டும்.

அங்கே வரும் முதல் பதில், “எங்க கவனத்துக்கு வரல.” இந்த பதிலை ஒரு ஊர் உடைத்துக் காட்டியிருக்கிறது. நியூயார்க்கில் 1979-ல் ஒரு சட்டம் வந்தது: நடைபாதைப் பழுது பற்றி முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்தால்தான் விழுந்தவர் மாநகராட்சி மேல் வழக்குப் போட முடியும். வழக்குகளைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. 1982-ல் அங்கிருந்த வழக்கறிஞர்கள் ஒரு அமைப்பைத் தொடங்கி, நகரம் முழுக்க ஆட்களை நடக்கவிட்டு, விரிசலுக்கு ஒரு குறி, பள்ளத்துக்கு ஒரு குறி, எழும்பிய கல்லுக்கு ஒரு குறி என்று வரைபடம் வரைந்து மொத்தமாக மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். இந்தா, எழுத்தில் தெரிவித்தாகிவிட்டது! அவர்கள் தங்கள் ஃபீஸுக்காகத்தான் செய்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ‘தெரியாது’ என்ற சொல்லின் மதிப்பு அன்றோடு குறைந்தது.

மதுரையில் அதைச் செய்ய வக்கீல் கூட்டமும் தேவையில்லை. ஒரு ஓட்டக் குழு ஒரு மாதம் தான் ஓடும் பாதையில் உள்ள கொக்கி, குழி, மூடி ஒவ்வொன்றையும் தேதி, தெருப் பெயர், பக்கத்துக் கதவிலக்கத்தோடு மாநகராட்சிக்கு எழுத்தில் அனுப்பி, ரசீதோ புகார் எண்ணோ வாங்கி வைத்தாலே போதும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மூன்று கேள்வி கேட்கலாம்: இந்தத் தெருவைத் தோண்ட யாருக்கு, எந்தத் தேதியில் அனுமதி தரப்பட்டது? பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை முடிந்ததாக யார் கையெழுத்துப் போட்டார்? அதற்கு எவ்வளவு தொகை வழங்கப்பட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும். விழுந்து சிகிச்சைக்குப் போகிறவர், குறிப்பு எழுதும்போதே விழுந்த இடத்தையும் காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கலாம்: “இந்தத் தெருவில், மூடியில்லாத குழியில் கால் சிக்கி.” போட்டோ எடுக்கும்போது குழிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்து எடுத்தால் ஆழம் தெளிவாகத் தெரியும்.